நோட்டில் விடுபட்ட நாளில் என்ன நடந்தது? ஆச்சியின் சுகர் நோட்டும் குற்றால மழைக்கணக்கும்

தென்காசியில் இருக்கும் என் ஆச்சியிடம் ஒரு சுகர் நோட்டு உண்டு. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண கோடு போட்ட நோட்டுதான். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் குளுக்கோமீட்டரில் பார்த்து, தேதி போட்டு அளவை எழுதிவைப்பார். சில மாதங்களுக்கு முன்பு அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். நோட்டைப் புரட்டிய டாக்டர், "அளவெல்லாம் கட்டுக்குள்ளதான் இருக்கு" என்றார். ஆச்சிக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த நாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மூன்று மாத சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி. அளவு 8.4. டாக்டர் மறுபடி நோட்டைக் கேட்டு வாங்கினார். இந்த முறை அவர் எண்களைப் பார்க்கவில்லை. எண் எழுதாமல் விட்ட வரிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, "இந்த நாள்லயெல்லாம் என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். ஆச்சி பதில் சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில்தான் உண்மை வெளியே வந்தது. "ஏட்டி, கோயில் கொடைக்குப் பாயசம் குடிச்சேன். உங்க மாமா வந்த அன்னைக்கு பார்டர் பரோட்டா சாப்பிட்டேன். மறுநாள் அந்த மிஷினைத் தொடவே பயமா இருக்கும். கூடக் காட்டும்லா... அதான் பாக்கல."

ஆச்சி பொய் எழுதவில்லை. நோட்டில் இருந்த ஒவ்வொரு எண்ணும் உண்மை. ஆனால் மொத்த நோட்டும் சேர்ந்து தப்பான சேதி சொன்னது. காரணம், விடுபட்டவை ஏதோ சில நாள்கள் அல்ல. சுகர் ஏறியிருக்கக்கூடிய நாள்களாகப் பார்த்து விடுபட்டிருந்தன.

ஆராய்ச்சி, புள்ளிவிவரம் என்று பெரிய பெயர் சொல்லும் இடங்களிலும் இதே சிக்கல்தான் இருக்கிறது. விடுபட்ட தகவலை என்ன செய்வது? நீக்கிவிடுவதா, நிரப்புவதா, அப்படியே வைப்பதா? எங்கள் ஊர் மழையை வைத்தே இதைப் பார்க்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு

முதலில் சுகர் நோட்டு. கணக்கு எளிதாக இருக்க இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் 30 நாள். 20 நாள் அளவு எழுதியிருக்கிறது, அவற்றின் சராசரி 130. மீதி 10 நாள் எழுதவில்லை. உண்மையில் அந்த 10 நாளும் 200 இருந்தது.

எழுதாத நாள்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் சராசரி 130. எழுதாத நாளுக்கு 0 என்று போட்டால் சராசரி 87 ஆகிவிடும். அந்த எண்ணை நம்பினால் 'சுகர் நார்மல்' என்றுகூட யாராவது நிம்மதி அடையலாம். உண்மையான சராசரி 153. ஒரே மாதம், ஒரே மனுஷி. விடுபட்டதை நாம் நடத்தும் விதத்தைப் பொறுத்து மூன்று விடை வருகிறது.

ஹெச்.பி.ஏ.1.சி. ஏன் ஏமாறவில்லை? ரத்தச் சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும். ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதனால் கடந்த இரண்டு மூன்று மாதம் எப்படி இருந்தது என்பதை அந்தப் பரிசோதனை காட்டிவிடும். காலை வெறும் வயிற்று அளவும் இதுவும் ஒன்றல்லதான். ஆனால் ஆச்சி விட்ட நாள்களை ரத்தம் விடவில்லை. நோட்டோடு சம்பந்தமில்லாத இன்னொரு சாட்சி இருந்ததால்தான் விஷயம் தெரிந்தது.

நான் போட்ட பூஜ்யம்

ஆச்சியைக் கிண்டல் செய்யும் தகுதி எனக்கு இல்லை. ஜர்னலிசம் டிப்ளமோ படித்தபோது புராஜெக்டுக்காகக் குற்றாலச் சாரல் பற்றி ஒரு வரைபடம் போட்டேன். ஒரு ஜூலை மாதத்தின் தினசரி மழை அளவை எக்ஸெல்லில் ஏற்றினேன். சில தேதிகளுக்கு அளவு கிடைக்கவில்லை. கட்டம் காலியாக இருந்தால் பார்க்க நன்றாக இல்லையே என்று எல்லாவற்றிலும் 0 அடித்தேன். வரைபடம் அழகாக வந்தது. மதிப்பெண்ணும் வந்தது.

ஊருக்குப் போனபோது போனில் ஆச்சியிடம் காட்டினேன். ஒரு தேதியைக் காட்டி, "இன்னைக்கா மழை இல்லங்க? அன்னைக்குத்தான ராத்திரி முழுக்க கரண்டு இல்லாம, கொல்லையில வாழை சாஞ்சு கிடந்துது" என்றார். நான் 'மழை இல்லை' என்று காட்டிய நாள், அந்த மாதத்தின் பெருமழை நாள்களில் ஒன்று.

மழைப் பதிவில் மூன்று வேறு வேறு நிலைகள் உண்டு. மழை பெய்யவில்லை என்றால் 0. தூறல் விழுந்தது, ஆனால் 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு என்றால் 'அளக்க இயலாத சிறு தூறல்' என்பதற்கான தனிக்குறி. அளக்கவே இல்லை என்றால் 'விடுபட்டது'. முதல் இரண்டும் தகவல். மூன்றாவது தகவல் இல்லாமை. மூன்றையும் பூஜ்யமாக்கினால் கணக்கு கெட்டுப்போகும்.

இதற்காகவே பல தரவுத் தொகுப்புகளில் விடுபட்ட இடத்தில் −999 என்று போட்டு வைப்பார்கள். மழை ஒருநாளும் மைனஸில் பெய்யாது என்பதால் பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்பது எண்ணம். அதையும் கவனிக்காமல் சராசரி எடுத்து, 'இந்த மாத மழை மைனஸ்' என்று விடை கொண்டு வரும் மாணவர்கள் உண்டு. அது நல்லதுதான். விடை அபத்தமாக இருப்பதால் தப்பு உடனே பிடிபடும். பூஜ்யம் போட்டால் பிடிபடாது.

பெருமழை நாளில் கட்டம் ஏன் காலியாகிறது?

மழைமானி எளிமையான கருவி. மேலே வட்ட வாய், நடுவில் புனல், கீழே குடுவை. தினமும் காலை 8:30 மணிக்குக் குடுவையில் சேர்ந்த தண்ணீரை அளவு ஜாடியில் ஊற்றிப் பார்ப்பார்கள். 1 மில்லிமீட்டர் மழை என்றால், ஒரு சதுர மீட்டர் தரையில் 1 லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். 'ஜூலை 10 மழை' என்று பட்டியலில் வருவது 9-ம் தேதி காலை 8:30 முதல் 10-ம் தேதி காலை 8:30 வரை பெய்தது.

இந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. வாய் 200 சதுர சென்டிமீட்டர், குடுவை 4 லிட்டர் என்றால், 20 சென்டிமீட்டர் மழையில் குடுவை நிரம்பிவிடும். அதனால் பெருமழை நாளில் நடுவிலேயே போய் அளந்து, காலி செய்து வைக்க வேண்டும். ஆனால் அன்றுதான் சாலையில் மரம் விழுந்திருக்கும், ஓடையில் தண்ணீர் மேலே போகும், அளப்பவரால் வீட்டை விட்டு வெளியே வர முடியாது.

தானியங்கி மழைமானி வைத்தால் தீர்ந்ததா? பெரும்பாலான தானியங்கிகளில் சீசா மரம்போல இரண்டு சின்னக் கிண்ணங்கள் இருக்கும். ஒன்று நிரம்பியதும் சாய்ந்து கொட்டும், மற்றொன்று நிரம்பத் தொடங்கும். எத்தனை முறை சாய்ந்தது என்பதை வைத்து மழை கணக்கிடப்படும். கொட்டித் தீர்க்கும் மழையில் கிண்ணம் சாயும் அந்த நொடியில் விழும் தண்ணீர் கணக்கில் வராமல் போகும். புனலில் இலை அடைக்கும். பேட்டரி இறங்கும். செல்போன் கோபுரம் செயலிழந்தால் தகவல் வந்து சேராது.

கவனித்தீர்களா? இந்தக் காரணங்களில் பல வெயில் நாளில் வராது. பெருமழை நாளில்தான் வரும். ஆச்சியின் நோட்டில் நடந்ததும் இதுவே.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. மின்சாரமும் போனும் இல்லாமல் பல ஊர்கள் தீவுகளாக நின்ற நேரம் அது. அந்த எண் பதிவேட்டில் ஏறியது நம் அதிர்ஷ்டம். ஒருவேளை அன்று அந்தக் கட்டம் காலியாக இருந்து, பிறகு யாராவது டிசம்பர் மாத சராசரியைப் போட்டு நிரப்பியிருந்தால்? 'இந்தப் பகுதியில் ஒரு நாளில் அதிகபட்சம் எவ்வளவு பெய்யும்' என்ற கேள்விக்கான விடையே மாறியிருக்கும். பாலத்தின் உயரம், வாய்க்காலின் அகலம், அணையின் மதகு என எல்லாவற்றுக்கும் அந்த அதிகபட்சக் கணக்குதான் அடிப்படை.

மலைமேல் யார் அளப்பது?

2024 மே 17. கோடை விடுமுறைக் கூட்டம் பழைய குற்றால அருவியில் குளித்துக்கொண்டிருந்தது. மேலே மலையில் பெய்த மழையால் அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. ஜனங்கள் அலறி ஓடும் காட்சியை எல்லோரும் போனில் பார்த்தோம். திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்.

தென்காசி மாவட்ட மழை அளவு என்று நாளிதழில் வரும் பட்டியலைப் பாருங்கள். தென்காசி, செங்கோட்டை, ஆய்குடி, சிவகிரி, சங்கரன்கோவில், அப்புறம் கடனா, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் அணைகள். ஊர்களும் மலையடிவார அணைகளும். அருவிக்குத் தண்ணீர் வருவதோ அவற்றுக்கு மேலே உள்ள காட்டிலிருந்து. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டுகிறதா என்று கண்ணால் பார்த்து, குளிக்கத் தடை போடுவார்கள். கண்ணுக்குத் தெரியும்போது வெள்ளம் ஏற்கெனவே வந்துவிட்டது என்று அர்த்தம். மலையில் எவ்வளவு பெய்கிறது என்பது அதற்கு முன்பே தெரிந்தால்தான் ஓட நேரம் கிடைக்கும்.

பக்கத்து மாவட்டத்தில் இதற்கு எதிர்மறை உதாரணம் உண்டு. திருநெல்வேலி மாவட்டத்தில் மழை என்றாலே நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி, மாஞ்சோலை பெயர்கள் முதலில் வரும். அங்கே மழை அதிகம் என்பது உண்மை. அதோடு, அங்கே அளக்கிறார்கள் என்பதும் உண்மை. தேயிலைத் தோட்டங்கள் வந்து மனிதர்கள் வாழ்ந்த மலை அது. அந்தத் தோட்டங்களின் குத்தகைக் காலம் 2028-ல் முடிகிறது. தொழிலாளர் குடும்பங்கள் மலையைவிட்டு இறங்கும் கதை நமக்குத் தெரிந்ததே. ஆட்கள் இறங்கிய பிறகும் அந்த மழை அளவீடு ஒரு நாள்கூட விடாமல் தொடர வேண்டும். இல்லாவிட்டால் சில வருடம் கழித்து வரும் ஆய்வாளருக்கு அங்கே 'மழை குறைந்துவிட்டது' என்று தோன்றக்கூடும்.

செயற்கைக்கோள் இருக்கிறதே என்று கேட்கலாம். உதவும். ஆனால் மலையோரத்தில் தாழ்வான மேகம் தரும் மழையைச் செயற்கைக்கோள்கள் குறைத்துக் கணிப்பது மேற்குத் தொடர்ச்சி மலையில் பலமுறை கண்ட சிக்கல். நம் சாரல் அந்த ரகம். தரையில் ஒரு மழைமானி இருந்தால்தான் செயற்கைக்கோள் சொன்னது சரியா என்றே பார்க்க முடியும்.

விடுபடுவதில் மூன்று வகை

1976-ல் டொனால்டு ரூபின் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர், விடுபட்ட தகவல் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். எத்தனை கட்டம் காலி என்று எண்ணுவது மட்டும் போதாது, ஏன் காலி என்று முதலில் கேட்க வேண்டும் என்ற பார்வை அதிலிருந்து வலுப்பெற்றது. அந்த வழியில் மூன்று வகை சொல்வார்கள்.

முதல் வகை, தற்செயல். பதிவேட்டின் ஒரு பக்கத்தில் டீ கொட்டிவிட்டது. அந்தப் பக்கத்தில் பெருமழை நாளும் இருக்கலாம், வெயில் நாளும் இருக்கலாம். மீதிப் பக்கங்களை வைத்துக் கணக்குப் போட்டால் பெரிய தப்பு வராது. தகவல் குறையும், அவ்வளவுதான்.

இரண்டாம் வகை, காரணம் வேறு இடத்தில் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அளக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு என்பதற்காக மழை கூடவோ குறையவோ செய்யாது. எந்த நாள் ஞாயிறு என்பது காலண்டரில் இருக்கிறது. திங்கள் காலை அளந்ததில் இரண்டு நாள் மழை சேர்ந்திருக்கும். பக்கத்து ஊர் அளவை வைத்துப் பிரித்துவிடலாம். சரிசெய்யக்கூடிய விடுபடல் இது.

மூன்றாம் வகைதான் ஆபத்து. விடுபட்ட அளவே விடுபட்டதற்குக் காரணம். மழை அதிகம், அதனால் அளக்கவில்லை. சுகர் அதிகம், அதனால் எழுதவில்லை. வருமானம் மிக அதிகம் அல்லது மிகக் குறைவு, அதனால் கணக்கெடுக்க வந்தவரிடம் சொல்லவில்லை. வீட்டில் அடி வாங்கும் பெண், பக்கத்தில் கணவன் நிற்பதால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் வகையில் ஒரு சங்கடம் இருக்கிறது. கையில் இருக்கும் எண்களை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விடை அங்கே கிடையாது. வெளியே போய் வேறொரு சாட்சியைத் தேட வேண்டும். ஆச்சிக்கு ஹெச்.பி.ஏ.1.சி., என் புராஜெக்டுக்குச் சாய்ந்த வாழை.

நீக்கிவிட்டால் என்ன?

பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். முழுசாக இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவது. முதல் வகையில் இதனால் பெரிய பாதகமில்லை. மற்ற இடங்களில் எவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டிவரும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் சேலஞ்சர் விண்கலம்.

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர், கிளம்பிய 73 விநாடிகளில் சிதறியது. 7 பேர் இறந்தார்கள். பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் கடுங்குளிரில் சரியாக வேலை செய்யவில்லை. முந்தைய இரவே பொறியாளர்கள் குளிரைப் பற்றி எச்சரித்தார்கள். வளையம் சேதமான பழைய பயணங்களின் வெப்பநிலையைப் பார்த்தபோது, குளிர் நாளிலும் சேதம், வெப்ப நாளிலும் சேதம் என்று இருந்தது. குளிருக்கும் சேதத்துக்கும் சம்பந்தமில்லாததுபோலத் தோன்றியது. சேதமே ஆகாத பயணங்கள் அந்தப் பார்வையில் விடுபட்டிருந்தன. விபத்துக்குப் பிறகு அவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, சேதம் ஆகாத பயணங்கள் எல்லாமே வெப்பமான நாள்களில் நடந்தவை என்பது பளிச்சென்று தெரிந்தது. தகவல் எங்கும் தொலையவில்லை. 'பிரச்னை இல்லாததை ஏன் பார்க்க வேண்டும்' என்று ஒதுக்கப்பட்டிருந்தது.

பக்கத்து ஊரிடம் கடன் கேட்பது

சரி, நீக்காமல் நிரப்பலாம். எதை வைத்து? மாதச் சராசரியைப் போட்டால் பெருமழையும் வறட்சியும் மறைந்து எல்லா நாளும் ஒரே மாதிரி ஆகிவிடும். நிஜ மழை அப்படிப் பெய்யாது.

மழைக்கணக்கில் பழைய நடைமுறை ஒன்று உண்டு. பக்கத்து ஊர்களின் அளவை எடுத்து, வழக்கமான மழை விகிதத்தால் பெருக்குவது. உதாரணக் கணக்கு இது. மலையடிவார ஊர் ஒன்றில் ஜூலையில் வழக்கமாக 200 மி.மீ. பெய்யும். கிழக்கே உள்ள இரண்டு ஊர்களில் 100, 50 மி.மீ. பெய்யும். ஒரு நாள் முதல் ஊரின் அளவு விடுபட்டது. அன்று மற்ற இரண்டிலும் 20, 10 மி.மீ. பதிவு. வெறும் சராசரி எடுத்தால் 15. விகிதம் பார்த்தால், முதல் ஊரில் இரண்டாவது ஊரைவிட இரண்டு மடங்கு பெய்யும், ஆகவே 40. மூன்றாவது ஊரைவிட நான்கு மடங்கு பெய்யும், அதுவும் 40. எனவே 40 மி.மீ. என்று நிரப்பலாம். 15-க்கும் 40-க்கும் எவ்வளவு தூரம்!

எங்கள் பகுதியில் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு, செங்கோட்டை கணவாய் வழியாக நுழைவதால் குற்றாலத்தில் சாரல் நனைக்கும். அதே நேரம் ஆலங்குளம் தாண்டினால் வெயில். சங்கரன்கோவிலில் புழுதி. ஆகவே ஜூலையில் 'பக்கத்து ஊர்' என்பதை வரைபடத்தில் தூரம் பார்த்து முடிவு செய்ய முடியாது. மலையை ஒட்டிய ஊருக்கு மலையை ஒட்டிய இன்னொரு ஊர்தான் சாட்சி. அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழையில் காற்று கிழக்கிலிருந்து வரும், உறவு மாறும். ஜூலை விகிதத்தை நவம்பருக்குப் போட்டால் கணக்கு தப்பும். ஊரின் காற்றும் மலையும் தெரியாமல் கம்ப்யூட்டர் மட்டும் தெரிந்தால் போதாது.

இன்னொரு கேள்வி. 40 என்று நிரப்பிவிட்டோம். உண்மையில் 30 இருந்திருக்கலாம், 55 இருந்திருக்கலாம். ஒரே எண்ணைப் போட்டதும் அது அளந்து எழுதிய எண் மாதிரி நம்மை ஏமாற்றும். இதற்கு ரூபின் காட்டிய வழி, ஒரு தடவை அல்ல, பல தடவை நிரப்புவது. 38, 25, 52, 44, 31 என்று நியாயமான ஐந்து எண்களால் அதே கட்டத்தைத் தனித்தனியாக நிரப்பி, ஐந்து தடவை கணக்குப் போட வேண்டும். ஐந்து விடையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், விடுபட்டதால் பெரிய பாதிப்பு இல்லை. விடைகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால், 'இதைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது' என்று சொல்லிவிட வேண்டும். இதற்கான மென்பொருள்கள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன. மருத்துவ ஆய்வுகளில் நோயாளி பாதியில் நின்றுவிடும்போதும் இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு மாவட்டமே காலிக் கட்டம்

மழையை விடுங்கள், எங்கள் மாவட்டத்தின் கதையே இதுதான். தென்காசி மாவட்டம் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது 2019 நவம்பர் 22-ல். நாட்டின் கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-ல். அதாவது, தென்காசி ஒரு மாவட்டமாக இதுவரை எண்ணப்பட்டதே இல்லை. 'சுமார் 14 லட்சம் பேர்' என்று எல்லா இடத்திலும் வரும் எண், 2011-ல் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த தாலுகாக்களைக் கூட்டிப் பார்த்தது.

1881-லிருந்து பத்து வருடத்துக்கு ஒரு முறை தவறாமல் நடந்த கணக்கெடுப்பு, 2021-ல் கொரோனாவால் நின்றது. இப்போது 2027 மார்ச் 1-ஐ அடிப்படைத் தேதியாக வைத்து அறிவிக்கப்பட்டிருக்கிறது. பதினாறு வருட இடைவெளி. 2011-ல் பிறந்த குழந்தை அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருக்கும். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எத்தனை பேருக்கு இடம் என்பதுகூட 2011 எண்ணிக்கையை வைத்தே ஓடுகிறது. இடைப்பட்ட வருடங்களுக்கு மதிப்பீடு போட்டுத்தான் ஆக வேண்டும், அதில் தவறில்லை. அது மதிப்பீடு என்பதை மறந்துவிடக் கூடாது.

கணக்கெடுப்பு வரும்போதும் மூன்றாம் வகை விடுபடல் காத்திருக்கும். கேரளாவுக்கு வேலைக்குப் போனவர், செங்கல் சூளையில் தங்கியிருக்கும் குடும்பம், காலையில் பூட்டிவிட்டு இரவு திரும்பும் வீடு. யாரை எண்ணுவது கஷ்டமோ அவர்களுக்குத்தான் பெரும்பாலும் அரசு உதவி அதிகம் தேவை. பூட்டிய வீட்டுக்கு மறுபடி போவதுதான் அங்கே உண்மையான புள்ளியியல்.

வீட்டிலும் பள்ளியிலும் இதைச் செய்யலாம்

1. காலியாக விடாதீர்கள், பூஜ்யமும் போடாதீர்கள். 'பார்க்கவில்லை' என்று எழுதுங்கள். பி.பி., சுகர், கரண்ட் மீட்டர், பள்ளி புராஜெக்ட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

2. பக்கத்திலேயே காரணம் எழுதுங்கள். 'ஊருக்குப் போனேன்', 'பேட்டரி தீர்ந்தது', 'விருந்து'. ஒரு வார்த்தை போதும்.

3. கணக்குப் போடும் முன் விடுபட்ட நாள்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள். அவற்றுக்குள் ஏதாவது ஒற்றுமை தெரிகிறதா என்று தேடுங்கள்.

4. மதிப்பிட்டு நிரப்பினால் வேறு நிறத்தில் எழுதுங்கள். பிறகு வருபவருக்கு எது அளந்தது, எது நிரப்பியது என்று தெரிய வேண்டும்.

5. செய்தியில் சராசரியோ சதவிகிதமோ வந்தால், 'எத்தனை பேர் பதில் சொல்லவில்லை, ஏன்?' என்று கேளுங்கள். செய்தி எழுதும் எங்களிடமும் கேளுங்கள்.

ஆறாவதாக ஒன்று, அளக்கும் மனிதரை மிரட்டாதீர்கள். கூடக் காட்டினால் வீட்டில் திட்டுவார்கள் என்ற பயம்தான் ஆச்சியின் கட்டங்களைக் காலியாக்கியது. அந்தத் திட்டில் என் பங்கும் உண்டு. அலுவலகத்திலும் அப்படித்தான். எண் மோசமாக இருந்தால் தண்டனை என்று தெரிந்தால், எண்ணே வராமல் போய்விடும்.

போன வாரம் ஊருக்குப் போனபோது நோட்டை எடுத்துப் பார்த்தேன். காலி வரி இல்லை. ஒரு நாளுக்கு நேராக 214 என்று எழுதி, பக்கத்தில் 'கல்யாண வீடு, ரெண்டு ஜிலேபி' என்று இருந்தது. இன்னொரு நாளில் 'பாக்கல, பயம்' என்று இருந்தது. டாக்டர் அந்த வரிகளைப் பார்த்துத்தான் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

"இப்பம் திட்ட மாட்டியே ஏட்டி?" என்றார் ஆச்சி. மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.